போர்ட் திறக்கவே மாட்டேன் என்கிறதா? வீட்டு ரவுட்டரும் டோரண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

க்யூபிட்டோரண்ட், ட்ரான்ஸ்மிஷன் மாதிரியான டோரண்ட் மென்பொருளை (கணினிகள் ஒன்றோடொன்று நேராகக் கோப்பைப் பகிர்ந்துகொள்ள உதவுவது) வீட்டுக் கணினியில் ஓட்டுகிறவர்கள் எப்போதாவது ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். கோப்பு இறங்குகிறது, ஆனால் கீழ்ப்பட்டையில் பச்சைக்குப் பதிலாக மஞ்சள் அடையாளம். போர்ட் (கணினிக்கு வரும் இணைப்புகளுக்கான எண்ணிட்ட வாசல்) சோதிக்கும் தளம் 'மூடியிருக்கிறது' என்கிறது. ரவுட்டரில் விதியும் போட்டாயிற்று, இரண்டு முறை அணைத்துப் போட்டும் பார்த்தாயிற்று. நண்பர்களும் உறவினர்களும் இதைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் மற்றதை விட்டுவிட்டு 'எங்கிருந்து ஆரம்பிப்பது?' என்ற கேள்வியை மட்டுமாவது முதலில் படியுங்கள். ரவுட்டர் பக்கத்தில் வீணாகும் மணிக்கணக்கான நேரத்தை அது மிச்சப்படுத்தும்.

போர்ட் ஃபார்வர்டிங் என்றால் என்ன? எனக்கு அது எதற்கு?

இணைய நிறுவனம் ஒரு வீட்டுக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஐ.பி. முகவரி. வீட்டில் இருப்பதோ கணினி, மூன்று நான்கு போன், டிவி. ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் ஓர் உள்முகவரியைக் கொடுத்துவிட்டு, வெளியே போகும் எல்லாவற்றின் மீதும் தன் முகவரியையே போட்டு அனுப்புகிறது. யார் எங்கே போனார்கள் என்று ஒரு பட்டியலும் வைத்துக்கொள்கிறது. பதில் திரும்பி வரும்போது பட்டியலைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். இந்த வேலைக்குத்தான் நாட் என்று பெயர்.

நீங்கள் முதலில் கூப்பிட்டால் சிக்கலே இல்லை. வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து உங்களைக் கூப்பிட்டால்தான் பிரச்சினை. பட்டியலில் அவர் பெயர் இல்லை, எந்தக் கருவிக்கு அனுப்புவது என்று ரவுட்டருக்குத் தெரியாது, அதனால் தள்ளிவிடும். 'இந்த எண்ணுள்ள போர்ட்டுக்கு வருவதையெல்லாம் இந்தக் கணினிக்கு அனுப்பு' என்று நிரந்தரமாக எழுதி வைப்பதுதான் போர்ட் ஃபார்வர்டிங்.

இது எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு ஒரு குடமுழுக்கு வீடியோவால் புரிந்தது. எங்கள் ஊர்க் கோயில் குடமுழுக்கை நான்கு கேமராவில் எடுத்த பதிவு, ஏறக்குறைய 60 ஜி.பி. சிங்கப்பூரில் இருக்கும் பெரியப்பா மகனுக்கு அனுப்ப வேண்டும். நானே ஒரு டோரண்ட் (பகிரும் கோப்பை அடையாளம் காட்டும் சிறு குறிப்புக் கோப்பு) உருவாக்கி அண்ணனுக்கு அனுப்பினேன். மூன்று நாள் ஆகியும் 0.0 சதவீதத்தைத் தாண்டவில்லை. ட்ராக்கரில் (யாரெல்லாம் பகிர்கிறார்கள் என்று பட்டியல் வைக்கும் சர்வர்) ஒரு சீட் (முழுக் கோப்பும் உள்ளவர்), ஒரு பியர் (இறக்குகிறவர்) என்று இருவருமே தெரிகிறோம். ஆனால் அவர் ரவுட்டர் என்னை உள்ளே விடவில்லை, என் ரவுட்டர் அவரை உள்ளே விடவில்லை. இரண்டு பக்கமும் மூடியிருந்தால் பேச்சே தொடங்காது. என் பக்கம் போர்ட் திறந்த சில நிமிடங்களில் கோப்பு ஓட ஆரம்பித்தது.

அப்படியென்றால் போர்ட் திறந்தால் வேகம் கூடுமா?

எந்தக் கோப்பு என்பதைப் பொறுத்தது. புதிதாக வந்த உபுண்டு (இலவச இயங்குதளம்) வெளியீட்டை இறக்குகிறீர்கள் என்றால் நூற்றுக்கணக்கானவர்கள் போர்ட் திறந்து காத்திருப்பார்கள். நீங்களே போய் அவர்களைப் பிடித்துக்கொள்ளலாம். வேகத்தில் வித்தியாசமே தெரியாது. மஞ்சள் அடையாளத்தைப் பார்த்துக் கவலைப்படவும் தேவையில்லை.

இரண்டு மூன்று பேர் மட்டுமே வைத்திருக்கும் பழைய கோப்பு என்றால் கதை வேறு. அதில் ஒருவராவது போர்ட் திறந்திருக்க வேண்டும். யாருமே திறக்கவில்லை என்றால், முழுக் கோப்பும் ஒருவரிடம் இருந்தும் அது மற்றவர்களுக்குக் கிடைக்காது. பழைய ஒலிப்பதிவு, ஸ்கேன் செய்த புத்தகம், ஊர் ஆவணம் என்று எதையாவது நீண்ட காலம் பகிர நினைக்கிறவர்கள் இதற்காகக் கொஞ்சம் மெனக்கெடத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இருவரும் மூடியிருந்தாலும் நடுவில் மூன்றாவது ஒருவர் அறிமுகப்படுத்தி வைக்கும் 'ஹோல் பஞ்சிங்' என்ற வழி டோரண்டின் பகிர்வு முறையான பிட்டோரண்டில் உண்டு. ஆனால் அதற்கு இருவரோடும் ஏற்கெனவே தொடர்பில் இருக்கும் அந்த மூன்றாவது ஆள் வேண்டும். எல்லா ரவுட்டரிலும் அது பலிப்பதும் இல்லை. நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ரவுட்டரின் வான் (WAN) முகவரியிலிருந்து, அதாவது வெளிப்பக்கத்தில் ரவுட்டருக்குக் கிடைத்திருக்கும் முகவரியிலிருந்து. மற்றதெல்லாம் அப்புறம்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போங்கள். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அதில் 'ஸ்டேட்டஸ்' அல்லது 'இன்டர்நெட்' பக்கத்தில் வான் ஐ.பி. என்று ஓர் எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 'என் ஐ.பி. என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே தெரியும் ஐ.பி.வி.4 எண்ணை (புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள்) பாருங்கள். வி.பி.என். (உங்கள் இணைப்பை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) ஓடிக்கொண்டிருந்தால் இந்தச் சோதனைக்கு முன் அணைத்துவிடுங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்ல செய்தி: பொது முகவரி உங்கள் ரவுட்டரிடமே இருக்கிறது. சிக்கல் உங்கள் வீட்டுக்குள்தான், அதை உங்களால் சரிசெய்ய முடியும்.

இரண்டும் வேறாக இருந்தால், ரவுட்டரில் என்ன விதி போட்டாலும் பயன் இல்லை. உங்கள் ரவுட்டருக்கு மேலே இன்னொரு நாட் உட்கார்ந்திருக்கிறது. அது எது என்பதை வான் எண்ணே சொல்லிவிடும்:

- 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் வீட்டிலேயே இரண்டாவது ரவுட்டர் இருக்கிறது. இணைய நிறுவனம் வைத்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்கிறது.
- 100.64 முதல் 100.127 வரை இருந்தால் அது நிறுவனத்தின் நாட். இந்த வரிசையை இதற்கென்றே 2012இல் ஆர்.எஃப்.சி. 6598 என்ற இணைய விதிமுறை ஆவணம் ஒதுக்கியது.
- 10 என்று தொடங்கினாலும், 172.16 முதல் 172.31 வரை இருந்தாலும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஃபைபர் பெட்டியின் பக்கத்தையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

நான் இந்தச் சோதனையை முதலில் செய்யாமல் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை விட்டிருக்கிறேன். நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்தபோது 'ஸ்பீடு சரியா வருதே சார்' என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. வான் எண் 100.72 என்று தொடங்குகிறது, எனக்குப் பொது முகவரி வேண்டும் என்று குறிப்பாகச் சொன்ன பிறகுதான் விவரம் தெரிந்த ஒருவரிடம் அழைப்பைக் கொடுத்தார்கள்.

நிறுவனம் ஏன் இப்படி ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிடுகிறது?

முகவரிகள் தீர்ந்துபோனதால். ஐ.பி.வி.4இல் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள். உலக அளவில் இவற்றை ஒதுக்கும் ஐயானா தன் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் கொடுத்து முடித்தது. ஆசிய-பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரலில் தன் கடைசித் தொகுதிக்கு வந்து ரேஷன் முறைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த நிறுவனங்களுக்கு ஆளுக்கொரு முகவரி கொடுக்க வழியில்லை. ஒரு முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கும் இந்த ஏற்பாட்டை சி.ஜி.நாட் என்கிறார்கள். மொபைல் டேட்டாவும், சிம் போட்டு ஓட்டும் 4ஜி, 5ஜி வீட்டு ரவுட்டர்களும் ஏறக்குறைய எப்போதும் இதற்குப் பின்னால்தான்.

சி.ஜி.நாட் என்று உறுதியாகிவிட்டது. இனி வழியே இல்லையா?

இருக்கிறது. நான் பரிந்துரைக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் நிறுவனத்திடம் பொது ஐ.பி. கேளுங்கள். ஸ்டாட்டிக் (மாறாத) ஐ.பி. என்று மாதக் கட்டணத்துக்குத் தருகிறவர்கள் உண்டு. சிறிய உள்ளூர் இணைப்பு என்றால் நேரில் போய்க் கேட்டாலே நடக்கலாம்.

அடுத்தது ஐ.பி.வி.6, அதாவது எண்களுக்குப் பஞ்சமில்லாத புதிய முகவரி முறை. இதில் நாட் தேவையில்லை. ஒவ்வொரு கருவிக்கும் நேரடியான பொது முகவரி. ஆனால் இங்கே பலர் ஏமாறுகிறார்கள்: முகவரி பொதுவானது என்றாலும், ரவுட்டரின் ஃபயர்வால் (இணைப்புகளை அனுமதிக்கும் அல்லது தடுக்கும் காவல்) வெளியிலிருந்து வரும் இணைப்புகளை இயல்பாகவே தடுத்துத்தான் வைத்திருக்கும். பல ரவுட்டர்களில் ஐ.பி.வி.6 ஃபயர்வால் பக்கம் தனியாக இருக்கும். அதில் உங்கள் கணினிக்கு அந்த ஒரு போர்ட்டை மட்டும் அனுமதிக்க வேண்டும். ஒட்டுமொத்த ஃபயர்வாலையும் அணைத்துவிடாதீர்கள். இன்னொன்று, எதிரில் இருப்பவரிடமும் ஐ.பி.வி.6 இருந்தால்தான் இந்த வழி பலிக்கும்.

மூன்றாவது, போர்ட் ஃபார்வர்டிங் தரும் வி.பி.என். எல்லா வி.பி.என்னும் தருவதில்லை. முல்வாட் 2023இல் இந்த வசதியையே நிறுத்திவிட்டது. ப்ரோட்டான் வி.பி.என். கட்டணத் திட்டங்களில் தருகிறது. பணம் கட்டும் முன் இதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

கொஞ்சம் லினக்ஸ் பழக்கம் இருந்தால், பொது முகவரியுள்ள ஒரு சிறிய வாடகை சர்வர் எடுத்து வீட்டுக்கு வயர்கார்டு (ஒரு வி.பி.என். மென்பொருள்) சுரங்கம் போடலாம். உழைப்பு அதிகம், ஆனால் கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில்.

வீட்டில் ஃபைபர் பெட்டி ஒன்று, நான் வாங்கிய வைஃபை ரவுட்டர் ஒன்று. எதில் விதி போட வேண்டும்?

இரண்டும் ரவுட்டராக வேலை செய்தால் இரண்டிலும். பெட்டியில் 'இந்தப் போர்ட்டை என் ரவுட்டருக்கு அனுப்பு', ரவுட்டரில் 'இந்தப் போர்ட்டைக் கணினிக்கு அனுப்பு'. இது நடக்கும், ஆனால் எதிர்காலத்தில் ஏதாவது மாறினால் இரண்டு இடத்தில் தேட வேண்டியிருக்கும்.

இரண்டில் ஒன்றின் ரவுட்டர் வேலையை நிறுத்திவிடுவதுதான் சுத்தமான வழி. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேட்கலாம். அப்போது இணைப்புக்கான பயனர்பெயரும் கடவுச்சொல்லும் உங்கள் ரவுட்டரில் போட வேண்டிவரும், அதையும் சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் மறுத்தால் உங்கள் ரவுட்டரை அக்சஸ் பாயிண்ட் மோடில் வைத்துவிட்டு, விதியைப் பெட்டியில் மட்டும் போடுங்கள்.

ரவுட்டரில் விதி போட்டுவிட்டேன். ஆனாலும் மூடியே இருக்கிறது. எங்கே தவறு?

நான் பார்த்த வீடுகளில் திரும்பத் திரும்ப வரும் தவறுகள் சில உண்டு. ஒவ்வொன்றையும் உங்கள் திரையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் பக்கம் சரிதானா என்று பாருங்கள். பல டி.பி.-லிங்க் ரவுட்டர்களில் இது 'விர்ச்சுவல் சர்வர்' என்ற பெயரில் இருக்கும். சில ஹுவாவே பெட்டிகளில் 'போர்ட் மேப்பிங்'. 'போர்ட் ட்ரிகரிங்' என்பது வேறு; அதில் போடாதீர்கள்.

அடுத்து உள்முகவரி. கணினி ஒன்றுதான் என்றாலும் வைஃபைக்கு ஒரு முகவரி, கேபிளுக்கு ஒரு முகவரி. விதியில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதில் இணைந்திருந்தால் வந்தது எதுவும் சேராது. விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையைக் கொடுத்து, இப்போது எதில் இணைந்திருக்கிறீர்களோ அதற்கு நேரே உள்ள ஐ.பி.வி.4 எண்ணை எடுங்கள்.

வெளிப் போர்ட், உள் போர்ட் இரண்டும் ஒரே எண்ணாக இருக்கட்டும். வெப் சர்வர் மாதிரியான வேலைகளில் வேறு வேறாக வைக்கலாம். டோரண்ட் மென்பொருளோ தன்னிடம் உள்ள எண்ணையே ட்ராக்கரிடம் சொல்லும். மென்பொருளில் 28412 என்று வைத்துவிட்டு வெளியே 30000 என்று திறந்தால், வருகிறவர்கள் 28412இல்தான் வந்து கதவைத் தட்டுவார்கள்.

'சோர்ஸ் போர்ட்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதைக் காலியாக விடுங்கள். இதில் விழுந்தவர்கள் நிறைய. அங்கேயும் அதே எண்ணை நிரப்பிவிடுகிறார்கள். அதன் பொருள், 'எதிர் ஆள் தன் பக்கத்தில் இந்தப் போர்ட்டிலிருந்து கிளம்பி வந்தால் மட்டும் விடு' என்பது. அப்படிக் கிளம்புகிறவர்கள் அநேகமாக யாரும் இருக்க மாட்டார்கள். 'ரிமோட் ஹோஸ்ட்' என்று இருந்தால் அதையும் காலியாகவே விடுங்கள்.

டி.சி.பி., யூ.டி.பி. என்ற இரண்டு போக்குவரத்து முறைகளுக்கும் திறக்க வேண்டும். பழைய குறிப்புகளில் டி.சி.பி. மட்டும் போதும் என்றிருக்கும். இப்போது பெரும்பாலான மென்பொருள்கள் யூ.டி.பி. (UDP) மேல் ஓடும் யு.டி.பி. (uTP) நெறிமுறையையும் பயன்படுத்துகின்றன, ட்ராக்கர் இல்லாமல் ஆட்களைத் தேடும் டி.எச்.டி.யும் யூ.டி.பி.தான். (இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். யூ.டி.பி. என்பது இணையத்தின் அடிப்படைப் போக்குவரத்து முறை; யு.டி.பி. என்பது பிட்டோரண்டின் சொந்த ஏற்பாடு.)

கடைசியாக, ஃபைபர் பெட்டிகளில் மட்டும் வரும் ஒன்று. விதியில் 'வான் பெயர்' என்று ஒரு தேர்வு இருக்கும். தொலைபேசிக்கு ஒன்று, நிறுவனம் பெட்டியைக் கண்காணிக்க ஒன்று, இணையத்துக்கு ஒன்று என்று இரண்டு மூன்று பெயர்கள் அதில் வரும். 'இன்டர்நெட்' என்ற சொல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். வேறொன்றில் விதி போட்டால் பெட்டி மறுப்பேதும் சொல்லாமல் சேமித்துக்கொள்ளும், ஆனால் எதுவும் நடக்காது.

யூ.பி.என்.பி. வைத்தால் இதெல்லாம் தானாக நடக்காதா?

நடக்கும், ரவுட்டரில் அது இயங்கும் நிலையில் இருந்தால். மென்பொருளே ரவுட்டரிடம் கேட்டு விதி போட்டுக்கொள்ளும். க்யூபிட்டோரண்டின் 'வியூ' மெனுவில் லாக் பக்கத்தை இயக்கினால், கேட்டது கிடைத்ததா இல்லையா என்று அங்கே ஒரு வரி இருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். மேலே இன்னொரு நாட் இருந்தால் கீழே உள்ள ரவுட்டர் மட்டும் திறந்துகொண்டு 'வெற்றி' என்று சொல்லும். வெளியே மூடியே இருக்கும். இரண்டாவது, யூ.பி.என்.பி.யில் அனுமதி கேட்கும் வழக்கமே கிடையாது. வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவியும், மலிவான கேமராகூட, தனக்கென்று ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ள முடியும். அதனால் நான் என் வீட்டில் அதை அணைத்துவிட்டுக் கையால்தான் விதி போட்டிருக்கிறேன். ஒரு முறை ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும்.

ரவுட்டரில் எல்லாம் சரி. கணினியின் ஃபயர்வாலை எப்படிச் சோதிப்பது?

விண்டோஸில் டோரண்ட் மென்பொருளை முதல்முறை திறந்தபோது ஒரு பெட்டி வந்து அனுமதி கேட்டிருக்கும். அப்போது 'கேன்சல்' அழுத்தியிருந்தால், விண்டோஸ் சும்மா விட்டுவிடுவதில்லை. அந்த மென்பொருளைத் தடுக்கும் விதியையே எழுதி வைத்துவிடுகிறது. அப்புறம் நீங்கள் அனுமதிக்கும் விதியைப் புதிதாகச் சேர்த்தாலும் பலிக்காது, ஏனென்றால் அனுமதியும் தடையும் மோதினால் தடைதான் ஜெயிக்கும்.

ஃபயர்வாலின் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' போய் 'இன்பவுண்ட் ரூல்ஸ்' பட்டியலைத் திறந்து உங்கள் மென்பொருளின் பெயரைத் தேடுங்கள். பச்சை டிக் இருப்பது அனுமதி. சிவப்புத் தடை அடையாளம் இருந்தால் அந்த வரிகளை நீக்குங்கள், பெரும்பாலும் டி.சி.பி.க்கு ஒன்று, யூ.டி.பி.க்கு ஒன்று என இரண்டு இருக்கும். நீக்கிவிட்டு அனுமதி விதி சேருங்கள்.

அனுமதி விதி 'ப்ரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும் இருந்து, உங்கள் வைஃபை 'பப்ளிக்' என்று குறிக்கப்பட்டிருந்தாலும் இதே கதிதான். ரவுட்டர் மாற்றியதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எண்ணி 'பப்ளிக்' ஆக்கிவிடுவது வழக்கம். வீட்டு வைஃபையை 'ப்ரைவேட்' என்று மாற்றிவிடுங்கள். ஆன்டிவைரஸ் தனியாக வாங்கியிருந்தால் அதற்குள்ளும் ஒரு ஃபயர்வால் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

டாக்கரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வரி: போர்ட்டை டி.சி.பி.க்கும் யூ.டி.பி.க்கும் தனித்தனியாக வெளியே எடுத்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் எழுதியிருந்தால் பாதிதான் திறக்கும்.

போர்ட் சோதிக்கும் தளத்தை எவ்வளவு நம்பலாம்?

சோதிக்கும் நேரத்தில் டோரண்ட் மென்பொருள் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்தப் போர்ட்டில் காத்துக் கேட்க யாரும் இல்லையென்றால், எல்லாமே சரியாக இருந்தாலும் 'மூடியிருக்கிறது' என்றுதான் வரும். இந்தத் தளங்கள் பெரும்பாலும் டி.சி.பி.யை மட்டுமே சோதிக்கின்றன என்பதையும் நினைவில் வையுங்கள்.

தளம் காரணத்தையும் சொன்னால் அது நல்ல துப்பு. 'மறுக்கப்பட்டது' என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கருவி வரை வந்து சேர்ந்து, அங்கே கேட்க ஆள் இல்லை. 'நேரம் கடந்துவிட்டது' என்றால் வழியில் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் விழுங்குகிறது: ஃபயர்வால், தவறான உள்முகவரி, அல்லது சி.ஜி.நாட்.

வீட்டுக்குள் இருந்துகொண்டே உங்கள் பொது முகவரியைத் தட்டிச் சோதிக்காதீர்கள். போன பொட்டலத்தை (தரவுத் துண்டை) உள்ளேயே திருப்பி அனுப்பத் தெரியாத ரவுட்டர்கள் உண்டு. அவற்றில் திறந்த போர்ட்டும் மூடியதாகத் தெரியும்.

நான் கடைசியாக நம்புவது மென்பொருளைத்தான். க்யூபிட்டோரண்டில் நன்றாக ஓடும் ஒரு டோரண்டைத் தேர்ந்தெடுத்து, கீழே 'பியர்ஸ்' பட்டியலில் 'ஃப்ளாக்ஸ்' என்ற நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே வரும் ஆங்கில எழுத்துகளில் பெரிய 'ஐ' இருந்தால், அந்த ஆள் வெளியிலிருந்து தானாக உங்களிடம் வந்தவர் என்று பொருள். அப்படி ஒருவர் வந்துவிட்டாலே போர்ட் திறந்திருக்கிறது. யாராவது வந்த பிறகுதான் கீழ்ப்பட்டை பச்சையாகும், அதனால் மென்பொருளைத் திறந்த உடனே மஞ்சளைப் பார்த்து முடிவு செய்யாமல் கொஞ்ச நேரம் விடுங்கள். ட்ரான்ஸ்மிஷனில் இதற்கென்றே அமைப்புகளில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கிறது.

எந்தப் போர்ட் எண் நல்லது?

6881 முதல் 6889 வரை வேண்டாம். பிட்டோரண்டின் ஆரம்ப காலத்து எண்கள் அவை. பலரும் குறிவைத்து மெதுவாக்கியதும் தடுத்ததும் அவற்றைத்தான். 1024க்குக் கீழே போக வேண்டாம். 49152க்கு மேல் உள்ளவற்றை விண்டோஸ் தன் வெளியே போகும் இணைப்புகளுக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். 20000க்கும் 48000க்கும் நடுவில் மனதில் தோன்றும் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு அதையே நிரந்தரமாக வையுங்கள். மென்பொருள் ஒவ்வொரு முறையும் புது எண் எடுக்கும்படி அமைந்திருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. இப்போது திடீரென்று மூடிக்கொண்டது. ஏன்?

பத்தில் எட்டு முறை கணினியின் உள்முகவரி மாறியிருக்கும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். மின்சாரம் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்போது 192.168.1.5 என்று இருந்த கணினி 192.168.1.8 ஆகிவிடும், விதி இன்னும் 5க்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் டி.எச்.சி.பி. (உள்முகவரிகளைப் பங்கிடும்) பக்கத்தில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' மூலம் கணினியின் மேக் முகவரிக்கு (வன்பொருளின் அடையாள எண்) ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் இது திரும்ப வராது. கணினியில் வைஃபைக்கு மேக் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டும் வசதி இருந்தால், வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒதுக்கீடு பலிக்காது.

அதுவும் சரியாக இருந்தால் வான் முகவரியை மறுபடி பாருங்கள். நிறுவனம் முன்னறிவிப்பு இல்லாமல் உங்களை சி.ஜி.நாட்டுக்குப் பின்னால் நகர்த்தியிருக்கலாம்.

பொது முகவரி அவ்வப்போது மாறுவது மட்டும் பிரச்சினை இல்லை. மென்பொருள் ட்ராக்கரிடம் பேசும்போதெல்லாம் புது முகவரி தானாகப் பதிவாகிவிடும். டோரண்டுக்காக டைனமிக் டி.என்.எஸ். (மாறும் முகவரிக்கு நிலையான பெயர் தரும் சேவை) எதுவும் தேவையில்லை.

வி.பி.என். போட்டால் பச்சை, எடுத்தால் மஞ்சள். அல்லது நேர்மாறாக. என்ன நடக்கிறது?

வி.பி.என். ஓடும்போது உலகத்துக்கு உங்கள் முகவரி வி.பி.என். நிறுவனத்தின் முகவரிதான். வருகிறவர்கள் அங்கேதான் வருவார்கள், உங்கள் ரவுட்டர் விதிக்கு அங்கே வேலையே இல்லை. அந்த நிறுவனம் கொடுக்கும் போர்ட் எண்ணை மென்பொருளில் போட வேண்டும். சிலவற்றில் மறுபடி இணையும்போதெல்லாம் எண் மாறும். க்யூபிட்டோரண்டின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்' வி.பி.என்னோடு கட்டப்பட்டிருந்தால், வி.பி.என். இல்லாதபோது எதுவுமே ஓடாது. அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, பழுது அல்ல.

ஒரு போர்ட்டைத் திறந்து வைப்பது ஆபத்தா?

திறந்த போர்ட்டின் அபாயம், அதன் பின்னால் உட்கார்ந்து கேட்கும் மென்பொருளின் அபாயம்தான். டோரண்ட் மென்பொருளைப் புதுப்பித்து வைத்திருந்தால் ஒரே ஒரு போர்ட்டைப் பற்றி நான் பயப்பட மாட்டேன்.

நான் பயப்படுவது, போர்ட் திறக்கவில்லை என்ற எரிச்சலில் கணினியை டி.எம்.இசட்.டில் போட்டுவிடுகிறவர்களைப் பார்த்து. அது எல்லாப் போர்ட்டையும் ஒரே கணினிக்குத் திருப்பிவிடுவது. 2017 மே மாதம் வான்னக்ரை என்ற பணம் பறிக்கும் வைரஸ் பரவியது விண்டோஸின் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட் வழியாகத்தான். வெளியே பார்த்துத் திறந்திருந்த கணினிகளுக்கு யாரும் எதையும் அழுத்த வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. சோதனைக்காக டி.எம்.இசட். போட்டாலும் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். 445, 3389 (விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்) இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே திறக்காதீர்கள். ரவுட்டரின் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' அணைந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

போர்ட் திறந்த பிறகு வீட்டில் யாருக்கும் இணையம் வேலை செய்யவில்லை.

இப்போது உங்களிடமிருந்து பலர் இறக்குகிறார்கள், பதிவேற்றம் முழுவதும் நிரம்பிவிட்டது. பதிவேற்ற வேகத்தில் 80 சதவீதத்தை வரம்பாக வையுங்கள். இணைப்பு 40 மெகாபிட் என்றால் அது நொடிக்கு 5 மெகாபைட். வரம்பு 4 மெகாபைட். பிட், பைட் குழப்பத்தில் எட்டு மடங்கு தவறிவிட வேண்டாம்.

அப்படியும் ரவுட்டர் தொங்கினால் இணைப்புகளின் எண்ணிக்கை அதற்குத் தாங்கவில்லை. க்யூபிட்டோரண்ட் இயல்பாக 500 வரை போகும். 150க்கு இறக்கிப் பாருங்கள்.

டோரண்ட் ஓட்டுவதே சட்டவிரோதம் என்கிறார்களே?

பிட்டோரண்ட் என்பது 2001இல் ப்ராம் கோஹன் உருவாக்கிய ஒரு பகிர்வு முறை, அவ்வளவுதான். டெபியன், உபுண்டு, லிப்ரே ஆபீஸ் எல்லாம் தங்கள் கோப்புகளை அதிலும் தருகின்றன. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2012இலிருந்து தன் சேகரிப்புகளுக்கு டோரண்ட் தருகிறது. உரிமை இல்லாத படத்தைப் பகிர்வதுதான் குற்றம். அதை எந்த வழியில் செய்தாலும் குற்றம்தான்.

எனக்கு ஒரே ஒருவருக்குத்தான் கோப்பு அனுப்ப வேண்டும். இவ்வளவும் தேவையா?

தேவையில்லை. சின்க்திங் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இரண்டு கணினியிலும் நிறுவி, ஒன்றின் அடையாள எண்ணை மற்றதில் சேர்த்தால் போதும். நேரடியாக இணைய முடியாவிட்டால் நடுவில் உள்ள தன்னார்வ ரிலே சர்வர் வழியாகப் போகும். ரிலேயில் வேகம் குறையும், ஆனால் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டே போகிறது. வேகம் வேண்டுமென்றால் ஒரு பக்கம் மட்டும் 22000ஆம் போர்ட்டை டி.சி.பி., யூ.டி.பி. இரண்டுக்கும் திறந்தால் போதும். இப்போது குடமுழுக்கு வீடியோவை மறுபடி அனுப்ப வேண்டியிருந்தால் நானும் இப்படித்தான் அனுப்புவேன்.

எல்லாம் பார்த்துவிட்டேன், இன்னும் மூடியே இருக்கிறது. உதவி கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

'போர்ட் திறக்கவில்லை' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. ரவுட்டரின் மாடல், வீட்டில் ரவுட்டர் ஒன்றா இரண்டா, வான் முகவரியின் முதல் இரண்டு எண்கள், வெளித் தளம் காட்டும் முகவரியின் முதல் இரண்டு எண்கள், கணினியின் உள்முகவரி, மென்பொருளின் பெயரும் பதிப்பும், அதில் உள்ள போர்ட் எண், ரவுட்டர் விதியின் படம். இவ்வளவும் கொடுங்கள். பொது முகவரியின் கடைசி இரண்டு எண்களையும், படத்தில் தெரியும் வைஃபை கடவுச்சொல்லையும் மறைத்துவிட்டுக் கொடுங்கள்.